மூடிக்குக் கீழே

உங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது டப்பாவின் மூடியை நீங்களே திறந்து பார்த்திருக்கிறீர்களா?

நாற்பத்தாறு வயசு வரைக்கும் நான் திறந்ததில்லை. கடையில் பணம் கட்டுவதோடு நம்ம வேலை முடிந்தது என்று நினைப்பு. திறப்பது, கலக்குவது, அடிப்பது எல்லாம் பெயிண்டர் பாடு. அந்த மார்கழியில்தான் முதல் தடவையாக ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடியை நெம்பினேன். திறக்காமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

செஞ்சியில் அம்மா வீடு. திருவண்ணாமலை ரோட்டை ஒட்டிய தெரு. மொட்டை மாடியில் ஏறினால் ராஜகிரி மலை தெரியும். 2025 ஜூலையில், மராட்டியர் ஆட்சியோடு தொடர்புடைய 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது இல்லையா? அந்தப் பன்னிரண்டில் தமிழ்நாட்டில் இருப்பது ஒன்றே ஒன்று, எங்க ஊர்க் கோட்டை. செய்தியை டி.வி-யில் பார்த்ததிலிருந்து அம்மா பிடித்துக்கொண்டாள்.

"உலகமே இந்த ஊரைப் பார்க்க வரப்போவுதாம். நம்ம வீட்டுச் சுவரு இப்படியா இருக்கணும்?"

உலகம் கோட்டையைப் பார்க்க வரும், நம்ம வீட்டுச் சுவரைப் பார்க்க வராது என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.

மேஸ்திரி அப்பா காலத்து ஆள். அறுபதைத் தாண்டிவிட்டார். அம்மாவை 'அக்கா' என்பார், என்னைத் 'தம்பி' என்பார். சுவரைத் தட்டிப் பார்த்தார், சுரண்டிப் பார்த்தார். கூலி மட்டும் 22 ஆயிரம் என்றார். நான் பி.காம் படித்தவன். பேரம் பேசாவிட்டால் படித்த படிப்புக்கே மரியாதை இல்லை. இழுத்துப் பிடித்து 18-க்குக் கொண்டுவந்தேன். "சரி தம்பி, உங்க அப்பா முகத்துக்காக" என்று ஒத்துக்கொண்டார். டி.வி-யில் நான் பார்த்த ஒரு பெயிண்ட்டைச் சொன்னேன். "அது வேணாம். நான் சொல்றதை வாங்குங்க, நல்லா நிக்கும்" என்றார். வாங்கினேன். நான்கு டப்பா.

மூன்றாம் நாள் மத்தியானம். மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தார். திறந்து வைத்திருந்த டப்பாவின் மூடி தரையில் மல்லாந்து கிடந்தது. அதன் உள்பக்கம் ஏதோ ஸ்டிக்கரைக் கிழித்த தடம். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. மிச்சமிருந்த மூன்று டப்பாவையும் நெம்பித் திறந்தேன். ஒவ்வொரு மூடிக்குக் கீழேயும் ஒரு ஸ்டிக்கர், அதில் கறுப்பு வெள்ளைக் கட்டம். கியூ.ஆர். கோடு.

போனை எடுத்துக் காட்டினேன். ஒரு ஆப் இறங்கியது. பெயர் கேட்டது, ஊர் கேட்டது, போன் நம்பர் கேட்டது. அடுத்து, 'உங்கள் தொழில் என்ன?' என்று கேட்டது. பெயிண்டர், கான்ட்ராக்டர் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். 'வீட்டுக்காரர்' என்று அந்த வரிசையில் இல்லை. ஒரு நொடி யோசித்தேன். 'பெயிண்டர்' என்பதை அமுக்கினேன்.

இரண்டு பெரிய டப்பாவுக்கு 120, 120. சின்ன டப்பாவுக்கு 100. மொத்தம் 340 ரூபாய், 'டிங்' என்ற சத்தத்தோடு என் கணக்கில் வந்து விழுந்தது.

சாயங்காலம் மேஸ்திரி அடுத்த டப்பாவை இழுத்தார். மூடி ஏற்கெனவே நெம்பியிருந்தது. புரட்டிப் பார்த்தார். வெறும் தடம்தான் இருந்தது.

"நீங்க தொறந்தீங்களா தம்பி?"

"ஆமா மேஸ்திரி... கலர் சரியா இருக்கான்னு பாத்தேன்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூடியைக் கீழே வைத்துவிட்டுக் கலக்க ஆரம்பித்தார்.

* * *

அன்றைக்கு ராத்திரி என் மனசுக்குள் ஒரு கோர்ட்டே நடந்தது. வக்கீலும் நானே, ஜட்ஜும் நானே. தீர்ப்பு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கல்லூரியில் வணிகச் சட்டம் என்று ஒரு பேப்பர் உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. அதில் முதலாளி - ஏஜென்ட் உறவைப் பற்றி ஒரு தனி அத்தியாயம். 216-வது பிரிவு என்ன சொல்கிறது? முதலாளிக்குத் தெரியாமல் அவருடைய காரியத்தில் ஏஜென்ட் தன் சொந்தக் கணக்கில் ஆதாயம் பார்த்தால், அந்த ஆதாயத்தைத் தரச்சொல்லிக் கேட்க முதலாளிக்கு உரிமை உண்டு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது, இத்தனை வருஷம் கழித்து உதவிக்கு வந்தது.

எந்தப் பெயிண்ட் வாங்க வேண்டும் என்று எனக்காக முடிவு செய்தவர் மேஸ்திரி. அந்த முடிவுக்காகக் கம்பெனி அவருக்குக் காசு தருகிறது. அந்தக் காசு எங்கிருந்து வருகிறது? டப்பா விலையிலிருந்து. டப்பா விலை யார் கொடுத்தது? நான். ஆக, 340 ரூபாய் என்னுடையது. கேஸ் முடிந்தது.

காலையில் காபி குடிக்கும்போது அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அவன் காசை நீ எடுத்துட்டியா?" என்றாள்.

"அது என் காசும்மா. டப்பா விலையில சேர்த்துத்தானே வாங்கறான்..."

"அப்படியா... அதுல 'வீட்டுக்காரருக்கு'ன்னு எழுதியிருந்துதா?"

"இல்ல."

"பின்ன உனக்கு எப்படிக் குடுத்தான்? நீ யாருன்னு சொன்ன?"

காபி ஆறிப்போயிருந்தது. அம்மா எட்டாவதுதான் படித்தவள். 1872-ம் வருஷத்துச் சட்டத்தை ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள்.

* * *

இந்தக் கட்டம் டப்பாவுக்குள் எப்படி வந்தது என்பதே ஒரு கதை.

அமெரிக்காவில் நார்மன் ஜோசப் வுட்லண்ட் என்று ஒருவர். கடையில் பொருளின் விலையை மெஷினே படிக்க ஒரு வழி வேண்டும் என்று மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தார். மயாமி கடற்கரையில் உட்கார்ந்து, சின்ன வயசில் படித்த மோர்ஸ் தந்திக் குறியீட்டை நினைத்துக்கொண்டே மணலில் விரலால் கோடு இழுத்தார். மெல்லிய கோடு, தடித்த கோடு. பார்கோடு பிறந்தது அங்கேதான். அவரும் நண்பர் பெர்னார்ட் சில்வரும் சேர்ந்து 1952-ல் காப்புரிமை வாங்கினார்கள். கடையில் நிஜமாகவே முதல் பொருள் ஸ்கேன் ஆனது 1974 ஜூன் 26 அன்று, ஒஹையோ மாநிலத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில். என்ன பொருள் தெரியுமா? ஒரு சூயிங்கம் பாக்கெட்.

கோடு, கட்டமாக மாறியது 1994-ல். ஜப்பானில் கார் உதிரிப் பாகம் செய்யும் டென்சோ குழுமத்தில் மசாஹிரோ ஹரா என்ற இன்ஜினீயர் கண்டுபிடித்தார். கறுப்புக்காய், வெள்ளைக்காய் வைத்து ஆடும் 'கோ' விளையாட்டிலிருந்து யோசனை வந்ததாம். 7,089 இலக்கம் வரை உள்ளே அடைக்கலாம். 30 சதவிகிதம் வரை அழுக்கானாலும் கிழிந்தாலும்கூடப் படிக்கும்படி செய்யலாம். அந்தக் கம்பெனி காப்புரிமையை வைத்துக்கொண்டே, 'யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்' என்று விட்டுவிட்டது. அதனால்தான் இன்றைக்கு எங்க ஊர் காந்தி பஜாரில் பூக்கூடை மேலேகூட அந்தக் கட்டம் தொங்குகிறது.

விளம்பரக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 2010-ல் நியூயார்க்கில் கால்வின் க்ளெய்ன் கம்பெனி, விளம்பரப் பலகையில் படத்துக்குப் பதிலாக ராட்சசக் கட்டத்தை வைத்தது. 2011-ல் தென்கொரியாவின் சோல் நகர மெட்ரோ ஸ்டேஷனில், சுவர் முழுக்க மளிகைச் சாமான் படங்களை ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் போட்டார்கள். ரயிலுக்காக நிற்கும்போதே காய்கறி வாங்கிவிடலாம். 2022-ல் அமெரிக்காவின் சூப்பர் பவுல் ஆட்டத்தின் இடையே, ஒரு நிமிஷம் முழுக்க டி.வி. திரையில் ஒரு கட்டம் மட்டும் அங்குமிங்கும் மிதந்தது. வேறு எதுவும் இல்லை. காயின்பேஸ் என்ற கம்பெனியின் விளம்பரம் அது. ஜனங்கள் மொத்தமாகப் போனைத் தூக்கிக் காட்டியதில் அவர்கள் ஆப்பே படுத்துவிட்டது.

நம் நாட்டில் கட்டம் வேறு வழியில் வந்தது. 2016 நவம்பரில் பண மதிப்பிழப்பு. 2017 பிப்ரவரியில் 'பாரத் கியூ.ஆர்.' அறிமுகம். அதற்கப்புறம் கொரோனா. கட்டத்தைப் பார்த்தால் போனை நீட்டுவது, கோபுரத்தைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வது மாதிரிப் பழகிவிட்டது.

இந்த விளம்பரங்கள் எல்லாம் ஊருக்கே தெரிகிற மாதிரி பலகையிலும் திரையிலும் வந்தவை. பெயிண்ட் டப்பாவில் இருப்பது அப்படியில்லை. ஊர் பார்க்கக் கூடாது என்றே செய்த விளம்பரம்.

கம்பெனிக்கு ஒரு ரகசியம் நன்றாகவே தெரியும். டி.வி-யில் நடிகர் வந்து சுவரைத் தடவுவது நமக்காக. ஆனால், எந்தப் பெயிண்ட் என்று முடிவு செய்வது பல வீடுகளில் நாம் இல்லை. ஏணி மேலே நிற்பவர். ஆகவே அவருக்கென்று தனியாக ஒரு விளம்பரம். அந்தக் காலத்தில் அது டோக்கனாக இருந்தது. டப்பாவுக்குள் கிடக்கும், கடையில் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்வார்கள். இப்போது கட்டம். ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு தனி எண். ஒரு தடவை படித்தால் அதன் உயிர் போய்விடும். எந்த ஊரில், எந்த ஆள், எந்தத் தேதியில் எத்தனை டப்பா திறந்தார் என்ற கணக்கு கம்பெனிக்குப் போய்விடுகிறது. 120 ரூபாய்க்கு இதுவும் சேர்த்தி.

* * *

இது லஞ்சமா, இல்லையா?

அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். டாக்டர்கள் விஷயத்தில் நாம் என்ன சொன்னோம் என்று முதலில் பார்ப்போம். மருந்துக் கம்பெனிகளிடமிருந்து டாக்டர்கள் பரிசு வாங்கக் கூடாது என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2009-ல் விதி போட்டது. சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் என்ற மருந்துக் கம்பெனி, ஒரு சத்து மருந்தின் விளம்பரத்துக்காக டாக்டர்களுக்குக் கொடுத்த இலவசங்கள் 4 கோடியே 72 லட்சம் ரூபாய்க்கு மேல் என்றும், அதை வியாபாரச் செலவாகக் கழிக்க வேண்டும் என்றும் வருமான வரித்துறையிடம் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2022 பிப்ரவரியில் 'கழிக்க முடியாது' என்று தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் சொன்ன காரணம் முக்கியமானது. இலவசத்தின் விலை கடைசியில் மருந்து விலையில்தான் ஏறுகிறது, அதைச் சுமப்பவர் நோயாளி.

இப்போது 'மருந்து' என்ற இடத்தில் 'பெயிண்ட்' என்று போட்டுப் படியுங்கள். கச்சிதமாகப் பொருந்துகிறதே! நான் அதைத்தான் செய்தேன். பொருந்தியது கண்டு சந்தோஷமும் பட்டேன்.

ஆனால், எங்கேயோ உறுத்தியது. டாக்டருக்குக் கவுன்சில் இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது. அவர் சொன்னதை நோயாளி கேள்வி கேட்க முடியாது, உயிர் விஷயம். அவருடைய ஃபீஸை யாரும் 22-லிருந்து 18-க்கு இழுப்பதும் இல்லை. மேஸ்திரிக்கு லைசென்ஸும் இல்லை, பென்ஷனும் இல்லை. மழைக்காலத்தில் வேலையும் இல்லை. தர்மம் ஒன்றுதான், சரி. இரண்டு பேரும் நின்றுகொண்டிருக்கும் தரை ஒன்றா?

இதற்கு எங்க ஊர்க் கோட்டையே ஒரு கதை வைத்திருக்கிறது. சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார். பிடிக்கச் சொல்லி ஔரங்கசீப் அனுப்பிய தளபதி ஜுல்ஃபிகர் கான். 1690-ல் முற்றுகை ஆரம்பம். கோட்டை விழுந்தது 1698-ல். எட்டு வருஷம்! மலையும் மதிலும் பலமானவைதான். ஆனாலும், தளபதிக்கு உள்ளே இருப்பவர்களோடு ரகசியப் புரிதல் இருந்தது, வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்ற சந்தேகம் அப்போதே இருந்தது. வரலாற்று ஆசிரியர்களும் அதை எழுதியிருக்கிறார்கள். கடைசியில் கோட்டை பிடிபட்டபோது ராஜாராம் உள்ளே இல்லை. தப்பிப் போய்விட்டார்.

பி.காம் பாஷையில் சொன்னால் இதுவும் முதலாளி - ஏஜென்ட் தகராறுதான். பாதுஷா தூரத்தில் இருக்கிறார். காரியம் நடக்கும் இடத்தில் இருப்பவர் தளபதி. அவர் யாருக்காக வேலை செய்கிறார் என்று பாதுஷாவுக்கு எப்படித் தெரியும்? நம்பத்தான் வேண்டும். நம்பிக்கை இருக்கும் இடத்தில்தான் இந்தச் சந்தேகமும் வரும். ஆனால் ஒன்று. தளபதி பெரிய பதவிக்காரர். பாதுஷா அவரிடம் கூலி பேரம் பேசியதாக எங்கேயும் படித்ததில்லை.

* * *

அடுத்த நாள் டீ வாங்கிக்கொண்டு போய் மேஸ்திரியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் குட்டை உடைக்காமல், பொதுவாகக் கேட்கிற மாதிரி டோக்கன் பேச்சை எடுத்தேன்.

"முன்னாடி கடையில குடுப்பாங்க தம்பி. சில கடைக்காரரு பத்து, இருவதுன்னு கழிச்சிக்குவாரு. சிலரு காசுக்குப் பதிலா பிரஷ்ஷை எடுத்துக்கோன்னுவாரு. இப்ப நேரா பேங்குக்கு வந்துடுது. எம்பொண்ணுதான் போன்ல எல்லாம் பண்ணும். காசு அது கைக்குப் போயிடுது. அதுவும் நல்லதுதான்" என்று சிரித்தார்.

"இதை வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிடலாமே மேஸ்திரி? எதுக்கு ஒளிச்சு வெக்கணும்?"

டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"சொன்னா என்ன பண்ணுவீங்க? பதினெட்டுன்னு பேசினதைப் பதினேழுன்னு பேசுவீங்க."

நான் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? சத்தியமாகப் பேசியிருப்பேன்.

"இருவத்திரெண்டு கேட்டேன். நீங்க பதினெட்டுக்கு இழுத்தீங்க. நான் எதை நம்பி சரின்னேன்? டப்பாவுக்கு இவ்ளோ வரும், மொத்தத்துல இவ்ளோ நிக்கும்னு கணக்குப் போட்டுத்தான்."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றையும் கேட்டேன். "டோக்கன் ஜாஸ்தின்னு மட்டமான சரக்கை அடிச்சது உண்டா?"

உடனே பதில் வரவில்லை. பிறகு சொன்னார். ஒரு வருஷம் ஏதோ ஒரு கம்பெனி பிரைமருக்குப் பெரிய டோக்கன் போட்டதாம். ஒரு வீட்டுக்கு அதை வாங்கச் சொல்லி அடித்திருக்கிறார். ஒரே மழைக்காலம், சுவர் பூராவும் மாவு மாதிரி உதிர்ந்துவிட்டது. "கூலி வாங்காம மறுபடி அடிச்சிக் குடுத்தேன் தம்பி. இருந்தாலும், அந்த வீட்டு அம்மா இன்னிக்கும் என்னைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க. அதுலேர்ந்து சரக்கை மொதல்ல பாப்பேன், டோக்கனை அப்புறம் பாப்பேன்."

'டோக்கனையே பார்க்க மாட்டேன்' என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

* * *

எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இல்லை.

பெயிண்டருக்குக் காசு போவது தப்பில்லை. உழைக்கிறவர் கைக்கு நாலு காசு கூடப் போனால் யாருக்கு நஷ்டம்? தப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, அந்தக் காசு அவருடைய யோசனையைத் திருப்பினால். 'நல்லா நிக்கும்' என்று அவர் சொல்லும்போது, சுவரைப் பார்த்துச் சொல்கிறாரா, மூடியைப் பார்த்துச் சொல்கிறாரா என்பதுதான் விஷயம். பிரைமர் அடித்த வீட்டில் அவர் மூடியைப் பார்த்துச் சொன்னார். அது தப்பு. அவரே அதைத் தப்பு என்று தெரிந்துதான் திரும்ப அடித்துக் கொடுத்தார்.

இன்னொன்று, ஒளிப்பது. இங்கேதான் என் கோர்ட் சறுக்கியது. ஒளிப்பது மேஸ்திரியின் குற்றம் என்று நினைத்தேன். அவர் எங்கே ஒளித்தார்? ஸ்டிக்கரை மூடிக்குக் கீழே ஒட்டியது கம்பெனி. வெளியே ஒட்டினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். என்னை மாதிரி ஆட்கள் அதைக் கூலியில் கழிப்போம். ஆக, அந்த மூடி என் கண்ணிலிருந்து அவர் காசை மறைக்கவில்லை. என் கையிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது. நானும் ஸ்க்ரூ டிரைவரோடு போய் அதை நிரூபித்தேன்.

இந்த மூன்று பேர் ஆட்டத்தில் லாபம் யாருக்கு? நான் கூலியைக் குறைக்கக் குறைக்க, மேஸ்திரிக்கு டோக்கன் அவசியமாகிறது. டோக்கன் அவசியமாக ஆக, அவருடைய வாக்கு கம்பெனிக்கு மலிவாகக் கிடைக்கிறது. பேரத்தில் நாலாயிரம் மிச்சம் பிடித்தேன் என்று மார்தட்டினேனே... அந்த மிச்சத்தில்தான் நான் என் மேஸ்திரியின் நாக்கை 340 ரூபாய்க்குக் கம்பெனியிடம் வாடகைக்கு விட்டிருக்கிறேன்.

அப்படியானால் சட்டம் போட்டு, 'இந்த டப்பா விலையில் இத்தனை ரூபாய் பெயிண்டருக்கு' என்று வெளியிலேயே அச்சடிக்கச் சொல்லலாமா? சொல்லலாம், நல்லதுதான். ஆனால், அன்றைக்கே வீட்டுக்கு வீடு கூலி குறையும் என்றால், அந்தச் சட்டத்தால் நேர்மை வந்ததா, இல்லை ஏழையின் பாக்கெட் காலியானதா? முதலில் மாற வேண்டியது பேரம் பேசும் திண்ணை. டப்பா அப்புறம்.

செஞ்சிக்குப் பக்கத்திலேயே திருநாதர்குன்று என்று ஒரு சின்னக் குன்று இருக்கிறது. பாறையில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள். அங்கேயே ஒரு பழைய கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமணத் துறவி 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டதைச் சொல்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேலாக வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியில் கிடக்கிறது. எழுத்தின் வடிவம் பழசு, நமக்குப் படிக்க வராது. ஆனால் படிக்கத் தெரிந்த யார் வந்தாலும் ஒரே செய்தியைத்தான் சொல்லும். வந்தவர் பெயிண்டரா, வீட்டுக்காரரா என்று கேட்காது. ஒரு தடவை படித்ததும் செத்தும் போகாது.

கட்டத்தின் கதை வேறு. ஜெர்மனியில் 2015-ல் நடந்தது இது. ஹெய்ன்ஸ் கம்பெனியின் தக்காளி கெட்சப் பாட்டிலில் ஒரு போட்டிக்காகக் கட்டம் அச்சடித்திருந்தார்கள். போட்டி 2014-ல் முடிந்தது, இணைய முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். பாட்டில் மட்டும் வீட்டில் இருந்தது. ஒருவர் ஸ்கேன் செய்தால், ஆபாசப் படத் தளம் திறக்கிறது! முகவரியை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். கம்பெனி மன்னிப்பு கேட்டது. வெளியே தெரியும் கட்டம் மாறவே இல்லை. அதற்குப் பின்னால் நின்ற ஆள் மாறிவிட்டார். நாம் படிக்க முடியாத எழுத்தில் இதுதான் சங்கடம். பின்னால் நிற்பது யார் என்று தெரியாமலே போனை நீட்டுகிறோம், நம்பரைக் கொடுக்கிறோம், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறோம். சில சமயம் பொய்யும் சொல்கிறோம்.

* * *

வேலை முடிந்தது. வீடு பளிச்சென்று இருந்தது. அம்மா தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரியிடம் பணத்தைக் கொடுத்தேன். எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார்.

"ஐநூறு கூட இருக்கு தம்பி."

சொல்லிவிட்டேன். மூடியைத் திறந்தது கலர் பார்க்க அல்ல என்றும், 'பெயிண்டர்' என்று அமுக்கியதையும் சொன்னேன். சொல்லி முடிக்கும் வரை அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"தெரியும்" என்றார். "மூடியைப் பாத்தப்பவே தெரியும்."

கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. விரல் விட்டு எண்ணினார். "பெருசு ரெண்டு, எரநூத்தி நாப்பது. சின்னது ஒண்ணு, நூறு. முன்னூத்தி நாப்பது." சட்டைப் பையிலிருந்து 160 ரூபாயை எடுத்து என் கையில் வைத்தார்.

"வேணாம் மேஸ்திரி, வெச்சுக்குங்க."

"அது எனக்குச் சேர வேண்டியது, எடுத்துக்கிட்டேன். இது எதுக்கு? கூலி வேணும்னா அடுத்த தடவை பேசறப்ப கூடப் பேசுங்க."

ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்த தடவை எப்படிப் பேச வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். 'டோக்கன் உங்களுது மேஸ்திரி. அதை விட்டுட்டு உங்க கூலி என்னன்னு சொல்லுங்க. உங்க சொந்த வீடா இருந்தா எந்தப் பெயிண்ட் அடிப்பீங்கன்னும் சொல்லுங்க.' முதலில் மூடியை நாம் திறந்து வைத்துவிட்டுக் கேட்கும் கேள்வி இது. இதற்கு வரும் பதிலை நம்பலாம் என்று நினைக்கிறேன்.

அந்த ஆப்பை மட்டும் போனிலிருந்து எடுக்க மறந்துவிட்டேன். பொங்கலன்று காலையில் கம்பெனியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'அன்புள்ள பெயிண்டர் நண்பரே, உங்களுக்கும் உங்கள் குடும்பத்தாருக்கும் இனிய பொங்கல் வாழ்த்துகள்!'

340 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இந்த வாழ்த்தை எப்படிக் கொடுப்பது?